காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 33, சொந்த ஊர் திருநெல்வேலி. நான்கு வருஷமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் இருக்கிறோம். கணவர் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், நிரந்தர வேலை. மகளுக்கு இரண்டரை வயது. செப்டம்பரில் கிட்டாவில், அதாவது மழலையர் காப்பகத்தில், சேர்த்தோம். நவம்பரில் எனக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு வேலை கிடைத்தது. 6 மாதம் ப்ரோபெட்சைட் (தகுதிகாண் காலம்), ஏப்ரல் கடைசியில் முடியும். மூவருமே அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில்தான் இருக்கிறோம். எனக்கு டாக்ஸ் கிளாஸ் 5, அவருக்கு 3.

புத்தாண்டு பிறந்ததிலிருந்து பாப்பா நான்கு நாள் கிட்டா போனால் ஆறு நாள் வீட்டில். காய்ச்சல், காது வலி, வாந்தி, மறுபடி காய்ச்சல். இதுவரை நான் 9 நாள் லீவு போட்டுவிட்டேன், அவர் 1 நாள். கேட்டால், "என் மீட்டிங்கை எப்படி விடறது, உன் சம்பளம் டாக்ஸுக்கும் கிட்டா ஃபீஸுக்குமே சரியாப் போகுது" என்கிறார். அத்தை தினமும் வீடியோ காலில், "பச்சப் புள்ளைய இந்தப் பனியில வெளிய விளையாட விட்டா சளி பிடிக்காம என்ன செய்யும்? வேலை அவ்வளவு முக்கியமா?" என்று கேட்கிறார். கிட்டாவிலோ ஆள் பற்றாக்குறை என்று வாரத்தில் ஒருநாளாவது மதியமே கூட்டிப்போகச் சொல்கிறார்கள். போன வாரம் கேர்வோகே, அதாவது குடித்தனக்காரர்கள் முறை வைத்துப் பொது மாடிப்படியைக் கூட்டுவது, எங்கள் முறை. பாப்பா காய்ச்சலில் மாடிப்படி கூட்ட மறந்துவிட்டேன். கீழ்வீட்டுப் பாட்டி கதவில் சீட்டு ஒட்டிவிட்டார். அதைப் படித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். படுக்கையறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை வேறு. எனக்கும் மூன்று வாரமாகத் தும்மல், கண் அரிப்பு. ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

வேலையை விட்டுவிடவா? இல்லை, பாப்பாவோடு ஆறேழு மாதம் ஊரில் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரவா? அம்மாவை இங்கே வரவழைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். என் கணவர் கெட்டவர் இல்லை மேடம். ஆனால் எல்லாம் என் தப்பு மாதிரியே இருக்கிறது.

பெயர் வேண்டாம்.

பதில்:

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். வேலையை விடாதீர்கள், டிக்கெட்டும் போடாதீர்கள். ஏப்ரல் முடியட்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. 9 நாள், 1 நாள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அந்தக் கணக்கைச் சரிசெய்வது.

குளிர், அத்தை, கிட்டா, பூஞ்சை, பாட்டியின் சீட்டு என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எதுவும் பொய்யில்லை. ஆனால் பாப்பாவுக்கு உடம்பு சுட்டால் அன்றைக்கு யார் வீட்டில் இருப்பது என்று நீங்கள் இருவரும் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை. காலை 6 மணிக்குத் தெர்மாமீட்டர் 38.7 காட்டும். அவர் லேப்டாப்பை எடுத்துப் பையில் வைப்பார். நீங்கள் உங்கள் மேலாளருக்கு மெயில் எழுத ஆரம்பிப்பீர்கள். முடிவு அப்படியே எடுக்கப்பட்டுவிடும், ஒரு வார்த்தை பேசாமல். சரிதானே?

சட்டம் என்ன தருகிறது என்று முதலில் பார்ப்போம். பொதுக் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு, 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், 2024லிருந்து ஒரு குழந்தைக்கு அம்மாவுக்கு ஆண்டுக்கு 15 வேலை நாள், அப்பாவுக்குத் தனியாக 15 வேலை நாள். தனியாக வளர்க்கும் பெற்றோருக்கு 30. அந்த நாட்களுக்குக் கம்பெனி சம்பளம் தராவிட்டால் காப்பீட்டு நிறுவனம் தரும். கிண்டர்கிராங்கன்கெல்ட் என்று பெயர். கைக்கு வரும் சம்பளத்தில் இழந்த தொகையில் சாதாரணமாக 90 சதவீதம். பெரிய சம்பளக்காரர்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. முதல் நாளிலிருந்தே குழந்தை மருத்துவரின் சீட்டு வேண்டும். ஆனால் உங்கள் மகளை ஏற்கெனவே தெரிந்த மருத்துவராக இருந்து, நோயும் லேசானதாக இருந்தால், தொலைபேசியிலேயே 5 நாள் வரை சீட்டு வாங்கலாம். காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பனியில் பஸ் ஏற வேண்டிய அவசியம் ஒவ்வொரு முறையும் இல்லை.

இது முதலாளி மனமிரங்கித் தரும் லீவு இல்லை, உரிமை. ப்ரோபெட்சைட்டிலும் உண்டு. ஆனால் ப்ரோபெட்சைட்டில் காரணம் சொல்லாமலே 2 வார நோட்டீஸில் ஒருவரை அனுப்பிவிடலாம் என்பதும் உண்மை. அதனால்தான் இந்த 9 நாள் எனக்குக் கவலை தருகிறது. உங்கள் கணவர் நிரந்தர வேலையில் இருக்கிறார். அவர் பத்து நாள் மகளோடு வீட்டில் இருந்தாலும் அந்த வேலைக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் இன்னும் பத்து நாள் போனால் ஆகலாம். வீட்டில் இரண்டு வேலை இருந்து, ஒன்று கல்வீடு, இன்னொன்று ஓலைக்குடிசை என்றால், மழை பெய்யும்போது எதன்மேல் கோணியைப் போர்த்துவோம்? ஏப்ரல் கடைசிவரை மகளின் நோய் நாட்களில் பெரும்பகுதி அவருடையதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வது பெண்ணுரிமைப் பேச்சு மட்டுமில்லை, சாதாரணக் குடும்பக் கணக்கு. அவருடைய 15இல் 14 நாள் தொடாமலே கிடக்கிறது. உங்களுக்கு 6 மிச்சம். ஆண்டோ இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. ஆள் பற்றாக்குறையால் கிட்டா மூடினால் அதற்கு இந்த நாட்களை எடுக்க முடியாது. கொரோனா காலத்தில் அப்படி ஒரு சலுகை இருந்தது, இப்போது இல்லை. குழந்தைக்கு நோய் இருந்தால்தான். கிட்டா மூடும் நாளுக்குச் சொந்த விடுமுறை, ஹோம் ஆபீஸ், அல்லது இன்னொரு பெற்றோரோடு முறை வைத்துக்கொள்வது, இவ்வளவுதான் வழி. இரண்டரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஹோம் ஆபீஸ் செய்யலாம் என்று கண்டுபிடித்தவர் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

அப்புறம் அந்தச் "சம்பளம் டாக்ஸுக்கே சரியாப் போகுது". இதைக் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. டாக்ஸ் கிளாஸ் 3/5 என்று வைத்துக்கொண்டால், வரி இல்லாத அடிப்படைத் தொகை இரண்டு பேருடையதும் அவர் சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. அதனால் அவர் சம்பளம் கொழுத்தும், உங்களுடையது இளைத்தும் தெரிகிறது. உங்கள் சம்பளச் சீட்டில் அந்த எண் அவ்வளவு சின்னதாகத் தெரிவதற்கு, அவர் சம்பளம் பெரிதாகத் தெரிவதற்காக நீங்கள் கட்டிய வரியும் ஒரு காரணம். இருவரும் சேர்ந்து ஆண்டுக் கணக்கு கொடுக்கும்போது மொத்த வரி ஒன்றுதான், கிளாஸை எப்படி வைத்தாலும். ஆனால் கிண்டர்கிராங்கன்கெல்ட், வேலையில்லாக் காலப் பணம், இன்னொரு குழந்தை பிறந்தால் வரும் எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகை எல்லாம் கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. கிளாஸ் 5இல் இருந்தால் அங்கெல்லாம் உங்களுக்குக் குறைவு. இருவருக்கும் ஒரே கிளாஸான 4/4க்கு மாறலாமா என்று ஒரு சாயங்காலம் இருவரும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கணக்கு வேலை பார்ப்பவர், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாறினாலும் மாறாவிட்டாலும், அவருடைய அந்த வாக்கியத்தில் கணக்குப் பிழை இருக்கிறது என்பதைக் காகிதத்தில் காட்டுங்கள். இன்ஜினியர்களுக்கு அது புரியும்.

அவரோடு எப்படிப் பேசுவது? ராத்திரி பாத்திரம் கழுவும்போது வேண்டாம். பாப்பா இருமிக்கொண்டிருக்கும்போதும் வேண்டாம். சனிக்கிழமை மதியம் வெயில் எட்டிப்பார்த்தால், பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்தபடி பேசுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியதில்லை, பாதிச் சண்டை அதிலேயே குறையும். "நீங்க எப்பவுமே" என்று தொடங்காதீர்கள். "ஏப்ரல் வரைக்கும் என் வேலையைக் காப்பாத்த எனக்கு உங்க உதவி வேணும்" என்று தொடங்குங்கள். அவருக்கும் ஒரு பயம் இருக்கும். வெளிநாட்டுக்காரன், லீவு போட்டால் என்ன நினைப்பார்களோ என்று. நம் ஆண்கள் பலருக்கு உள்ளே இருக்கும் பயம் இது. வெளியே சொல்ல மாட்டார்கள், மீட்டிங் என்பார்கள். அவர் குழுவில் இருக்கும் ஜெர்மன் அப்பாக்கள் "குழந்தைக்கு உடம்பு சரியில்லை" என்று ஒரு வரி மெயிலில் மறைந்துவிடுவதை அவரும் பார்த்திருப்பார். அதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

முடிவு மட்டும் மங்கலாக இருக்கக் கூடாது. "முடிஞ்சா ஹெல்ப் பண்றேன்" என்பது முடிவில்லை. திங்கள், செவ்வாய், புதன் அவர். வியாழன், வெள்ளி நீங்கள். எந்தக் கிழமை காய்ச்சல் வந்தாலும் அந்தக் கிழமைக்காரர்தான், வேறு பேச்சில்லை. அவருக்கு விட முடியாத மீட்டிங் இருந்தால் முன்னாலேயே நாளை மாற்றிக்கொள்ளட்டும். இன்னொன்று, கிட்டாவில் கொடுத்த அவசரத் தொடர்புத் தாளில் முதல் எண் யாருடையது? உங்களுடையதுதான் என்று பார்க்காமலே சொல்வேன். அதை மாற்றுங்கள். முதல் எண் அவருடையதாக இருக்கட்டும். வாந்தி எடுத்தால் நின்று 48 மணி நேரம் ஆகாமல் கிட்டாவுக்கு அனுப்பக் கூடாது, காய்ச்சல் விட்டு ஒரு முழு நாளாவது ஆக வேண்டும் என்ற விஷயங்களையெல்லாம் கிட்டாவில் அவரிடம் நேராகச் சொன்னால்தான் அவர் மண்டையில் ஏறும். குழந்தையை அழைத்துப்போக அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் நம்பிக்கையான இன்னொரு அம்மா ஒருவரையும் சேர்த்து, அவர் பட்டியலில் நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள். மதியமே மூடும் நாட்களுக்கு அது உதவும்.

இனி நோய். நான் குடும்ப ஆலோசகர், மருத்துவர் இல்லை. ஆனால் இருபது வருஷமாக இந்த ஊர் பிப்ரவரிகளைப் பார்க்கிறேன், இரண்டு பிள்ளைகளை இங்கே வளர்த்தவள். கிட்டாவில் முதல் குளிர்காலம் என்றால், சின்னக் குழந்தைக்கு ஆண்டுக்கு 8 முதல் 12 முறை சளிக் காய்ச்சல் வருவது சாதாரணம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு வாரம், பத்து நாள். அதில் பெரும்பாலானவை அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வருகின்றன. பெருக்கிப் பாருங்கள், பாதிக் குளிர்காலம் போய்விடுகிறது. உங்கள் மகளுக்கு மட்டும் ஏதோ குறை என்று இல்லை. நீங்கள் எதையோ தவறவிட்டதாலும் இல்லை.

அத்தை சொல்வதைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். அவர் பிள்ளை வளர்த்த வீட்டில் ஜன்னல் எப்போதும் திறந்திருந்தது, காற்று முன்வாசலில் நுழைந்து கொல்லையில் வெளியேறியது. அங்கே உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஏறக்குறைய ஒன்று. இங்கே இரட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்தி, ஹீட்டரைப் போட்டு, இருபது குழந்தைகளை ஓர் அறையில் வைத்தால், ஒருவர் மூக்கில் இருப்பது சாயங்காலத்துக்குள் எல்லார் மூக்கிலும் இருக்கும். சளியைக் கொடுப்பது வைரஸ், அது மூடிய அறையில்தான் வசதியாகப் பரவுகிறது. கிட்டாக்காரர்கள் குழந்தைகளை 2 டிகிரியில் சேற்றில் விளையாட விடுவது கல்நெஞ்சத்தால் இல்லை. அடுக்கடுக்காக உடை, மேலே தண்ணீர் இறங்காத கால்சட்டையான மாட்ச்ஹோஸெ, காதை மூடும் தொப்பி. கை சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள், அங்கே கதகதப்பாக இருந்தால் போதும். ஊரிலிருந்து வந்த குரங்குக்குல்லாவும் நன்றாகவே வேலை செய்யும், நான் என் மகனுக்கு மூன்று வருஷம் போட்டேன்.

அத்தை கைவைத்தியத்தில் ஒன்றில் மட்டும் கவனம். கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை மார்பில் தேய்ப்பது நம் வழக்கம். கற்பூரமும் மெந்தாலும் சின்னக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழலை இறுக்கிவிடலாம், கைக்குழந்தைகளுக்கு இங்கே கொடுப்பதே இல்லை. மகளின் வயதுக்கு எது சரி என்று மருத்துவரைக் கேட்காமல் தேய்க்காதீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த காய்ச்சல் சிரப்பும் இங்கே கிடைப்பதும் ஒரே அடர்த்தி இல்லை. பழைய மூடிக் கணக்கில் ஊற்றாமல் எடைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்குள்ள மருத்துவர் மருந்தே எழுதாமல் "டீ குடிக்கட்டும், ஓய்வெடுக்கட்டும்" என்று அனுப்பும்போது கோபம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்காது என்பதால்தான் அப்படி. ஆனால் குழந்தை மூச்சுக்குத் திணறினால், தண்ணீர் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் கண் திறக்காமல் சோர்ந்தால், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்காவிட்டால் காத்திருக்காதீர்கள். மருத்துவர் பார்க்கும் நேரம் முடிந்துவிட்டால் 116117 என்ற மருத்துவ உதவி எண், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 112.

உங்கள் தும்மலைப் பற்றி ஒரு சந்தேகம். காய்ச்சல் இல்லை, கண் அரிக்கிறது, மூன்று வாரமாக நிற்கவில்லை. இங்கே ஹேசல், ஆல்டர் மரங்கள் பிப்ரவரியிலேயே மகரந்தத்தைக் கொட்ட ஆரம்பித்துவிடும், மரத்தில் இலையே இருக்காது. வந்து சில வருஷம் கழித்து இந்த ஒவ்வாமை தொடங்கும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். சளி என்று நினைத்துச் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். குடும்ப மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அதே சந்திப்பில் 3 மணி விழிப்பையும் சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டுட்கார்டில் டிசம்பர் கடைசியில் பகல் 8 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். பிப்ரவரி கடைசியில் ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகிவிடுகிறது, மார்ச் 20 வாக்கில் 12. வெளிச்சம் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, ஆனால் நீங்கள் அதைப் பார்ப்பதில்லை. இருட்டில் கிளம்பி, அலுவலக விளக்கின்கீழ் உட்கார்ந்து, மறுபடி வீட்டு விளக்குக்கு வருகிறீர்கள். மேகம் மூடிய பகலில்கூட வெளியே இருக்கும் வெளிச்சம் அறை வெளிச்சத்தைவிடப் பல மடங்கு. மதிய இடைவேளையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள், சாப்பாட்டு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வைட்டமின் டி பற்றியும் கேளுங்கள். இந்த அட்சரேகையில் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயிலால் தோலில் அது போதுமான அளவு உருவாவதில்லை, நம் நிறத்துக்கு இன்னும் குறைவு. ஆனால் வாட்ஸ்அப் பார்த்துப் பெரிய டோஸ் மாத்திரை வாங்காதீர்கள், ரத்தம் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தினமும் அழுகை, எதிலும் விருப்பமின்மை, தூக்கமின்மை என்று போனால் அது குளிர்கால அலுப்பைத் தாண்டியது. 116117இலேயே மனநல ஆலோசனைக்கு முதல் சந்திப்புக் கேட்கலாம். ராத்திரி 3 மணிக்கே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 0800 1110111, இலவசம், ஜெர்மனில் பேசுவார்கள். உங்கள் ஜெர்மன் உடைந்திருந்தால் பரவாயில்லை.

பூஞ்சைக்கு ஒரே வார்த்தை: ஷ்டோஸ்லூஃப்டன். ஜன்னலைச் சாய்த்து வைப்பது வீண். முழுதாகத் திறந்து 5 நிமிடம், பிறகு மூடுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. இட்லி அவித்த உடனே, குளித்த உடனே. துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள். இருக்கும் பூஞ்சையைப் படம் எடுத்து வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். பாப்பாவின் கட்டிலை அந்தச் சுவரிலிருந்து இன்றைக்கே தள்ளிப் போடுங்கள்.

ஊருக்குப் போவது பற்றி. போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை, இப்போது முடிவெடுக்காதீர்கள் என்கிறேன். வேலையை நீங்களாக விட்டால், 12 மாதம் பணம் கட்டியிருக்காததால் வேலையில்லாக் காலப் பணம் எதுவும் வராது. கிட்டா இடத்தை விட்டால் மறுபடி கிடைப்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வயதிலிருந்து இடம் பெறக் குழந்தைக்குச் சட்ட உரிமை 2013லிருந்து இருக்கிறது, சட்டப்புத்தகத்தில். சாதாரணக் குடியிருப்பு அனுமதி, 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகும். ப்ளூ கார்டு (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதி) வைத்திருக்கும் குடும்பங்களுக்கு 12 மாதம். உங்களுடையது எது என்று பார்க்காமல் "ஆறேழு மாதம்" என்று பேசாதீர்கள். இன்னொன்றும் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் திருநெல்வேலி சொர்க்கம். மே மாதம் அக்னி நட்சத்திரத்தில், வேர்க்குருவோடு அழும் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வேறு முகவரியிலிருந்து இதே மாதிரி ஒரு கடிதம் எனக்கு எழுதுவீர்கள். ஜூன் மாதத்தில், ப்ரோபெட்சைட் முடிந்து, ஜன்னல் திறந்திருக்கும் ஒரு சாயங்காலத்திலும் ஊருக்குப் போக வேண்டும் என்று தோன்றினால், அது உண்மையான ஆசை. அப்போது எழுதுங்கள், அதைப் பற்றிப் பேசுவோம்.

அம்மாவை வரவழைக்கலாம், இப்போது வேண்டாம். என் அம்மாவை ஒரு ஜனவரியில் கூட்டிவந்தேன், உதவிக்கு. பத்து நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் நாள், "ஏம்மா, இந்த ஊர்ல ஆளே கிடையாதா?" என்று கேட்டார். அப்புறம் பாப்பாவோடு சேர்த்து அம்மாவையும் நான் பார்த்துக்கொண்டேன். விசிட்டர் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்க முடியும். அந்தத் தொண்ணூறு நாளை மே, ஜூன், ஜூலைக்கு வையுங்கள். விளையாட்டுத் திடலில் வேறு பாட்டிகளும் இருப்பார்கள், மொழி தெரியாமலே பேசிக்கொள்வார்கள்.

கீழ்வீட்டுப் பாட்டியை மறக்கவில்லை. உங்கள் பகுதி மக்களான ஸ்வாபியர்களுக்குக் கேர்வோகே என்பது நமக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவது மாதிரி. போடாத வீட்டைப் பார்த்து "என்ன ஆச்சோ" என்று நம்மூரில் கேட்பார்கள், இங்கே சீட்டு ஒட்டுவார்கள். கதவைத் தட்டி, "மகளுக்கு உடம்பு சரியில்லை, சனிக்கிழமை கூட்டிவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். கையில் நாலு முறுக்கு இருந்தால் நல்லது. சனிக்கிழமை உங்கள் கணவர் துடைப்பத்தை எடுத்தால் இன்னும் நல்லது. அந்தப் பாட்டி அதை ஜன்னல் வழியாகக் கட்டாயம் பார்ப்பார்.

அடுத்த காய்ச்சல் எப்படியும் வரும், மார்ச் நடுவுக்குள் ஒன்று நிச்சயம். அது ஒரு செவ்வாய்க்கிழமை வந்தால், நீங்கள் வழக்கம்போல் கிளம்பி அலுவலகம் போங்கள். மதியம் வீட்டுக்குப் போன் செய்து "கஞ்சி குடிச்சாளா?" என்று கேட்கக் கை பரபரக்கும். கேட்காதீர்கள். அன்றைக்கு அத்தையோடு வீடியோ காலையும் அவரே போடட்டும், இருமும் மகளை மடியில் வைத்துக்கொண்டு. "வேலை அவ்வளவு முக்கியமா?" என்று அவர் தன் மகனைக் கேட்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.